சேற்று பாட்டிலில் நுண்ணுயிர் அடுக்குகள்: சேலத்து ஏரிச் சேற்றை வைத்துச் செய்து பார்க்க முழுமையான வழிகாட்டி

ஒரு லிட்டர் பாட்டிலில் ஏரிச் சேற்றையும் ஏரித் தண்ணீரையும் நிரப்பி வெளிச்சத்தில் வைத்தால், ஏழெட்டு வாரத்தில் கறுப்பு, பச்சை, ஊதா, துருச்சிவப்பு என்று பட்டை பட்டையாக நிறம் ஏறும். ஒவ்வொரு பட்டையும் ஒரு நுண்ணுயிர்க் கூட்டம். புத்தகங்களில் இதற்கு வினோகிராட்ஸ்கி தூண் என்று பெயர். சேலத்தில் நான் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகள் வைத்த பெயர் சேற்று பாட்டில்.

செய்வதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் அந்த அரை மணியில் செய்த தப்பு ஆறாவது வாரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும், அப்போது திருத்த வழி இருக்காது. குறிப்பாக அடிச்சேற்றில் தப்பு நடந்தால் பாட்டில் முழுவதும் போனது போலத்தான். அதனால் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. உள்ளே நடப்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

அடியில் போடும் காகிதத்தைச் சேற்றில் இருக்கும் பாக்டீரியாக்கள் சிதைக்கத் தொடங்கும். அதிலேயே அங்குள்ள ஆக்சிஜன் சில நாளில் தீர்ந்துவிடும். அப்புறம் ஆக்சிஜன் வேண்டாத கிளாஸ்ட்ரிடியம் வகைகள் காகிதத்தைக் கரிம அமிலங்களாக உடைக்கும். அந்த அமிலங்களையும் சல்ஃபேட்டையும் கொண்டு டீசல்ஃபோவிப்ரியோ போன்றவை பிழைக்கும். அவை வெளிவிடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு.

இந்த வாயு அடியிலிருந்து மேலே ஏறுகிறது. மேல் தண்ணீரில் பாசி உண்டாக்கும் ஆக்சிஜன் கீழே இறங்குகிறது. இரண்டும் எந்த அளவில் எங்கே இருக்கிறதோ, அதற்கேற்ற உயிர் அங்கே குடியேறும். சல்ஃபைடு அதிகமான கீழ்ப்பகுதியில் பச்சைக் கந்தக பாக்டீரியா, அதற்கு மேலே ஊதாக் கந்தக பாக்டீரியா, அதற்கும் மேலே துருநிறம் காட்டும் வகைகள். சல்ஃபைடும் ஆக்சிஜனும் சந்திக்கும் கோட்டில் சில பாட்டில்களில் வெள்ளை நூல் போலப் பெஜியாட்டோவா படரும். மேல் தண்ணீரில் பாசியும் நீலப்பச்சைப் பாசியும் இருக்கும்.

இது புரிந்துவிட்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் தானாக விளங்கும். புரியாமல் செய்பவர்கள்தான் நடுவில் பாட்டிலைக் குலுக்கிவிடுகிறார்கள்.

2. டிசம்பர் கடைசியில் தொடங்குங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரி ஓரம் சேறாக இருக்கும் நேரம் இது. டிசம்பர் கடைசியில் தொடங்கினால் பிப்ரவரி முடிவுக்குள் அடுக்குகள் தெரிந்துவிடும். ஏப்ரலில் தொடங்கினால் சேலத்து வெயிலில் ஜன்னலோரப் பாட்டில் வெந்துபோகும். ஏற்காட்டில் கோடையிலும் செய்யலாம். ஆனால் மலைமேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் எல்லாமே மெதுவாக நடக்கும். கீழே ஆறு வாரத்தில் வருவதற்கு அங்கே ஒன்பது பத்து வாரம் வரை காத்திருங்கள்.

3. வேண்டியவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்

சேற்றைக் கொண்டுவந்த பிறகு காகிதம் தேடி ஓடக் கூடாது. சேறு காற்றில் கிடக்கக் கிடக்க, நமக்கு வேண்டிய ஆக்சிஜன் ஆகாத உயிர்கள் பாதிக்கப்படும்.

நிறமில்லாத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் மூன்று வேண்டும். அகலமான ஜாடியைவிட ஒடுக்கமான பாட்டில் நல்லது, உயரம் இருந்தால்தான் அடுக்குகள் விலகித் தெரியும். நாளிதழ்த் தாள் ஒன்று (வழவழப்பான வார இதழ்க் காகிதம் சீக்கிரம் மக்காது), காய வைத்துப் பொடித்த முட்டை ஓடு, ஜிப்சம் அல்லது அவித்த முட்டையின் மஞ்சள் கரு, ரப்பர் கையுறை, பழைய மாவுச் சல்லடை, இரண்டு வாளி, ஒரு கொத்துக்கரண்டி, நீளமான மூங்கில் குச்சி. நான்காவதாக ஒரு பாட்டிலின் மேல்பாதியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் புனல். கடைப் புனலின் துளை சேற்றுக்குப் போதாது.

4. சாக்பீஸை நம்புவதற்கு முன் சோதியுங்கள்

பாக்டீரியாக்களுக்குக் கரிமம் தரும் கார்பனேட்டுக்குச் சாக்பீஸைப் பொடித்துப் போடு என்று பல குறிப்புகளில் இருக்கும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தால் ஆனது, அது கால்சியம் சல்ஃபேட். கார்பனேட் அல்ல.

சோதனை எளிது. சாக்பீஸ் துண்டின் மேல் நான்கு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் கார்பனேட். சும்மா உறிஞ்சிக்கொண்டு ஈரமாகக் கிடந்தால் ஜிப்சம். அதே வினிகரை முட்டை ஓட்டின் மேல் விட்டால் சின்னச் சின்னக் குமிழிகள் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம்.

ஜிப்சமாக இருந்தாலும் வீணில்லை, கந்தகத்துக்கு அதையே போடலாம். கார்பனேட்டுக்கு முட்டை ஓடு இருக்கிறது. ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பையோ வெள்ளையடிக்கும் சுண்ணாம்பையோ கார்பனேட் என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள். அது கடுமையான காரம், சேற்றில் உள்ள உயிர்களைக் கொன்றுவிடும். எங்கள் வகுப்பில் இரண்டு பாட்டில் அப்படித்தான் போனது. பத்து வாரம் ஆகியும் சேறு முதல் நாள் நிறத்திலேயே இருந்தது.

5. சேறு எடுப்பது

ஏரியின் ஓரத்தில், கணுக்கால் அளவு தண்ணீரில், கோரையும் புல்லும் முளைத்த இடமாகப் பாருங்கள். கொத்துக்கரண்டியால் மேல்மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்கு விலக்கினால் அடியில் கறுத்த சேறு இருக்க வேண்டும், லேசான முட்டை நாற்றமும் வர வேண்டும். அந்தக் கறுப்புதான் சல்ஃபைடு உண்டாக்கும் உயிர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன என்பதற்கு அடையாளம். மணலாகவோ களிமண் கட்டியாகவோ இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

நாங்கள் கன்னங்குறிச்சி மூக்கனேரி ஓரத்திலும் பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கமும் எடுத்திருக்கிறோம். ஏற்காட்டில் படகுத்துறை இருக்கும் பெரிய ஏரியைவிட, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு எஸ்டேட் குட்டைகளில் எடுப்பது வசதி. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் மட்டும், பழத்தோல் உரித்த கழிவுநீர் சேரும் குட்டையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் புளித்து அமிலமாக இருக்கும்.

ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் கலக்கும் ஓடையும் வேண்டாம். மாவுச்சத்து மிகுந்த சேற்றில் எல்லாம் ஒரே வேகத்தில் அழுகும், அடுக்கு பிரியாது. சாக்கடை கலக்கும் இடம், சாயக் கழிவு வரும் இடம் பக்கமே போகாதீர்கள். வெள்ளைக்கல் வெட்டிய குழிகளும் வேண்டாம். அங்கே கரை செங்குத்தாக இருக்கும், கால் வழுக்கினால் பிடிக்க ஒன்றும் இருக்காது.

மலைமேல் செம்மண்ணில் எடுக்கும் சேறு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சேர்வராயன் மலையின் சிவப்பு மண்ணில் இரும்பு அதிகம். இரும்பு, உண்டாகும் சல்ஃபைடை எல்லாம் பிடித்துக் கறுப்பு இரும்பு சல்ஃபைடாக மாற்றிவிடும். மேலே ஏறுவதற்கு மிச்சம் இருக்காது. பாட்டில் வாரக்கணக்கில் கறுப்பாகவே நிற்கும், பச்சையும் ஊதாவும் தாமதமாகும். அப்படிப்பட்ட சேற்றுக்கு ஜிப்சத்தை இரண்டு பங்காக்குங்கள்.

கையுறை போடாமல் சேற்றில் கைவைக்க வேண்டாம். காலிலோ கையிலோ புண் இருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம். தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது புண் வழியாகவும், ஊறிய தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். பிள்ளைகளைத் தனியாக அனுப்பக் கூடாது.

இரண்டரை லிட்டர் சேறு, அதே இடத்துத் தண்ணீர் இரண்டு லிட்டர் எடுங்கள். வாளியில் சேற்றுக்கு மேல் நான்கு விரல் தண்ணீர் நிற்கட்டும், காற்று படாது. அன்றைக்கே பாட்டிலில் போட்டுவிட வேண்டும்.

6. சலித்து, பதம் பார்த்துக்கொள்ளுங்கள்

வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ வைத்துச் சல்லடையில் சேற்றைத் தேய்த்துச் சலியுங்கள். கல், குச்சி, வேர் போக வேண்டும். அதைவிட முக்கியம், நத்தையும் புழுவும் போக வேண்டும். நத்தை மேலே வளரும் பாசியைத் தின்றுவிடும். புழுக்கள் அடுக்குக்குள் துளை போட்டு ஆக்சிஜனைக் கீழே இறக்கும். கண்ணுக்குத் தப்பிய நத்தை முட்டையால் ஒரு பாட்டிலில் மூன்றாம் மாதம் பச்சை முழுவதும் காணாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

சலித்த சேற்றில் ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். இட்லி மாவு பதம் வேண்டும். கரண்டியிலிருந்து கனமாக வழிய வேண்டும், சொட்டக் கூடாது. தோசை மாவு அளவுக்குத் தளர்ந்தால் காகிதம் மேலே மிதந்து வந்துவிடும். அதைவிடக் கெட்டியானால் உள்ளே காற்றுப் பை நிற்கும்.

7. அடிச்சேறு: இங்கே அவசரம் வேண்டாம்

சேற்றில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். தீனி, அதாவது காகிதமும் முட்டை ஓடும் ஜிப்சமும், கலப்பது இதில் மட்டும்தான். எல்லாச் சேற்றிலும் கலந்துவிடுவது புதிதாகச் செய்பவர்களின் முதல் தப்பு. தீனி அடியில் மட்டும் இருந்தால்தான் சல்ஃபைடு அடியில் மிகுந்து, மேலே போகப் போகக் குறையும். எங்கும் கலந்துவிட்டால் அந்த ஏற்றத்தாழ்வே இருக்காது, அடுக்கும் வராது.

ஒரு பாட்டிலுக்கு அளவு இது: நாளிதழ்த் தாளில் பாதி, முட்டை ஓட்டுப் பொடி ஒரு தேக்கரண்டி, ஜிப்சம் ஒரு மேசைக்கரண்டி. ஜிப்சம் கிடைக்காவிட்டால் அவித்த மஞ்சள் கருவில் பாதியை மசித்துப் போடுங்கள். கரு வேகமாக வேலை செய்யும், நாற்றமும் அதிகம். ஜிப்சம் நிதானமாக வரும். வீட்டுக்குள் வைப்பதாக இருந்தால் ஜிப்சம்தான் என் தேர்வு.

காகிதத்தை விரல் நக அளவுக்குக் கிழித்து, ஏரித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வையுங்கள். பிழிந்து பார்த்தால் கூழ் போல இருக்க வேண்டும். உலர்ந்த காகிதத் துண்டு தனக்குள் காற்றை வைத்திருக்கும், எழும்பி மேலே வரும், தண்ணீரில் மிதந்து பூஞ்சணம் பிடிக்கும். ஊறிய காகிதத்தை அடிச்சேற்றில் போட்டு, மாவு பிசைவது போல நன்றாகப் பிசையுங்கள்.

புனலை வைத்து, பாட்டிலின் கால்பாகம் வரும்வரை, அதாவது ஆறேழு சென்டிமீட்டர், இந்தச் சேற்றை இறக்குங்கள். பாட்டிலை மடித்த துணியின் மேல் வைத்து லேசாகத் தட்டுங்கள். பக்கச் சுவரில் காற்றுக் குமிழி தெரிந்தால் மூங்கில் குச்சியை இறக்கி மெல்ல அசைத்து வெளியேற்றுங்கள். ஒரு பெரிய குமிழி உள்ளே மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில் ஆக்சிஜன் கொஞ்ச நாள் நிற்கும். அப்புறம் வாயு சேர்ந்து சேற்றை விரிசலாகப் பிளக்கும்.

8. மேல்சேறு, தண்ணீர், காற்றுக்கு இடம்

தீனி கலக்காத சேற்றை அதன்மேல் ஒன்பது பத்து சென்டிமீட்டர் போடுங்கள். கரண்டி கரண்டியாக, பாட்டிலின் சுவரோரம் வழியவிட்டுப் போட்டால் அடிச்சேறு கலங்காது. மறுபடி தட்டிக் குமிழி எடுங்கள்.

ஒரு மணி நேரம் படியவிட்டு, ஏரித் தண்ணீரை ஐந்து சென்டிமீட்டர் ஊற்றுங்கள். நேராக ஊற்றினால் சேற்றில் குழி விழும். குச்சியைச் சாய்த்துப் பிடித்து அதன்மேல் ஒழுகவிடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரின் இருக்கும். வேறு வழியே இல்லையென்றால் வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மேலே மூன்று விரல் இடத்தைக் காலியாக விடுங்கள். மூடியை ஒரே ஒரு சுற்று மட்டும் திருகுங்கள். உள்ளே வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும். இறுக மூடிய பாட்டில் ஒன்று பத்து நாளில் அடி உப்பி, நிற்க முடியாமல் சாய்ந்தது, அத்தனை சேறும் கலந்துவிட்டது. திறந்தே வைத்தாலும் தப்பு, தண்ணீர் வற்றும், கொசு முட்டையிடும்.

9. ஒன்று போதாது, மூன்று செய்யுங்கள்

முதல் பாட்டில் மேலே சொன்னபடி. இரண்டாவதில் காகிதமும் ஜிப்சமும் முட்டை ஓடும் இல்லாமல் வெறும் சேறும் தண்ணீரும். மூன்றாவது முதல் பாட்டிலைப் போலவே, ஆனால் முழுவதும் அலுமினியத் தாள் சுற்றியது.

ஒரே பாட்டில் வைத்திருந்தால் ஊதா நிறம் தீனியால் வந்ததா, சேற்றில் முன்பே இருந்ததா, வெளிச்சம் தேவைப்பட்டதா என்று எதையும் சொல்ல முடியாது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாட்டிலே பதில் சொல்லும். தாள் சுற்றியதை எட்டாவது வாரம் பிரித்துக் காட்டும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். முதல் பாட்டிலில் போட்ட அதே சேறு, அதே தீனி, ஆனால் அடியிலிருந்து மேல்வரை கறுப்பும் சாம்பலும் மட்டுமே இருக்கும்.

எடுத்த இடம், தேதி, உள்ளே போட்டவை எல்லாவற்றையும் எழுதிப் பாட்டிலின் பின்பக்கம் ஒட்டுங்கள். முன்பக்கம் ஒட்டினால் அந்த இடத்தில் வெளிச்சம் படாது. தண்ணீர் மட்டத்துக்கு மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள்.

10. வெளிச்சம்: வைத்த இடம்தான் பலனைத் தீர்மானிக்கும்

வெளிச்சம் நாள் முழுவதும் வேண்டும், நேர்வெயில் கூடாது. பாட்டிலைத் தொட்டால் சூடு தெரியக் கூடாது. வடக்கு ஜன்னல் நல்லது என்பார்கள், அது குளிர்மாதங்களில் சரி. சேலம் 11.6 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏறக்குறைய ஏப்ரல் 20 முதல் ஆகஸ்ட் 22 வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் விழும், தெற்கு ஜன்னலுக்கு மாற்றிவிடுங்கள். ஆனால் தொடங்கின பாட்டிலைத் தூக்குகிறபோது இரண்டு கையாலும் நேராகப் பிடித்துத் தூக்குங்கள்.

அறை விளக்கை நம்பி அலமாரிக்குள் வைப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஊதாக் கந்தக பாக்டீரியா அதிகம் பிடிப்பது நம் கண்ணுக்குத் தெரியாத 800 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு ஒளியை. வெள்ளை எல்இடி விளக்கில் அது ஏறக்குறைய இல்லை. நமக்குப் பளிச்சென்று தெரியும் இடம் அவற்றுக்கு மங்கலான இடம். ஜன்னல் வெளிச்சம் கிடைக்காத வீடு என்றால் 40 வாட் பழைய குண்டு பல்பை அரை மீட்டர் தள்ளிப் பகல் முழுவதும் எரியவிடுங்கள். மின்சாரத்தை வீணாக்கும் அதே பல்பு இந்த வேலைக்கு மிகப் பொருத்தம்.

11. வாரம் வாரம் என்ன பார்ப்பது

முதல் வாரம் தண்ணீர் கலங்கலாகி மெல்லத் தெளியும், குமிழிகள் வரும். இரண்டாம் வாரம் அடிச்சேற்றில் காகிதத் துண்டுகளைச் சுற்றிக் கறுப்பு பரவும். மூன்றாம் வாரம் மேல் தண்ணீரிலும் சேற்றின் மேல்பரப்பிலும் பச்சை ஏறும். ஐந்தாறு வாரத்தில் பாட்டில் சுவரை ஒட்டிக் கடுகு அளவுக்கு ஒரு ஊதாப் புள்ளி வரும். அதை அழுக்கு என்று நினைத்துத் துடைக்கப் பார்ப்பார்கள், உள்ளே இருப்பதால் போகாது. அடுத்த வாரம் அது குங்குமப் பொட்டு அளவாகும். அப்புறம் பக்கத்துப் புள்ளியோடு சேர்ந்து திட்டாகும். பச்சை அதற்குக் கீழே, கறுப்பை ஒட்டி, ஆலிவ் நிறத்தில் வரும்.

வாரம் ஒரு தடவை, ஒரே நேரத்தில், ஒரே தூரத்திலிருந்து படம் எடுங்கள். பக்கத்தில் ஸ்கேலை நிறுத்துங்கள். படம் போதும் என்று விட்டுவிடாமல் நோட்டிலும் வண்ணப் பென்சிலால் வரையுங்கள். வரையும்போதுதான் கண் ஓரங்களைக் கவனிக்கிறது.

சல்ஃபைடைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. எங்கள் வகுப்பில் ஒரு பெண்ணின் அப்பா கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். அங்கே மிஞ்சின சின்ன வெள்ளி வளையம் ஒன்றைக் கொண்டுவந்து, நூலில் கட்டி, மஞ்சள் கரு போட்ட பாட்டிலின் காற்றிடத்தில் தொங்கவிட்டாள். சில நாளில் முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, கடைசியில் கறுப்பு. வெள்ளி சல்ஃபைடு படிந்த நிறம் அது. அதே மாதிரி ஓர் இரும்பு ஆணியை அடிச்சேற்றில் சுவரை ஒட்டிப் புதைத்து வைத்தால், அதைச் சுற்றிக் கறுப்பு வளையம் விரிவதைப் பார்க்கலாம்.

தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினால் மட்டும், எடுத்து வைத்த ஏரித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

12. எதிர்பார்த்தபடி வராவிட்டால்

எல்லாம் கறுப்பாகி நாற்றம் தாங்கவில்லை என்றால் கரு அதிகம். காற்றோட்டமான வராந்தாவில் வைத்துக் காத்திருங்கள், மூன்று மாதத்தில் பெரும்பாலும் சரியாகும். முழுவதும் பச்சை மட்டும் என்றால் தீனி போதவில்லை அல்லது வெளிச்சம் மிக அதிகம். மேல் தண்ணீர் பால் போல வெளுத்தால் பயப்பட வேண்டாம், சல்ஃபைடு ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டான நுண்ணிய கந்தகத் துகள்கள் அவை.

எட்டு வாரம் ஆகியும் ஒரு மாற்றமும் இல்லையா? வெளிச்சத்தைப் பாருங்கள், குழாய்த் தண்ணீர் ஊற்றினீர்களா என்று நினைத்துப் பாருங்கள், சேறு மணலாக இருந்ததா என்று பாருங்கள். அநேகமாக இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

13. முடித்து வைப்பது

நன்றாக அமைந்த பாட்டில் ஒரு வருடம்கூட நிறம் மாறி மாறி நிற்கும். வைக்க இடமில்லாதபோது வீட்டுக்குள் திறக்காதீர்கள். திறந்த வெளியில், காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி நின்று, கையுறையோடு திறந்து, செடி ஓரம் ஒரு முழம் குழி வெட்டி ஊற்றி மூடுங்கள். சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் நாற்றம் இரண்டு நாள் போகாது. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவ வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும்.

குழியில் கொட்டுவதற்கு முன் பாட்டிலைக் கத்தரித்து, ஊதாப் பட்டையிலிருந்து இரண்டு கரண்டிச் சேற்றை எடுத்து, தண்ணீர் ததும்ப நிரப்பிய சின்னப் புட்டியில் ஜன்னலோரம் வையுங்கள். வாயு போக மூடியைத் தளர்த்தியே விடுங்கள். அடுத்த பாட்டிலின் மேல்சேற்றில் அதைக் கலந்து தொடங்கினால், எங்களுக்கு ஊதாப் புள்ளி மூன்றாம் வாரத்திலேயே வந்தது.